வருமா என்று மட்டும் கேட்டவருக்கு

மேசையில் எரிந்த மோட்டர் ஒன்று கிடக்கிறது. பெருவிரல் அளவுதான், ஆனால் அறை முழுக்க அதன் மணம். ஜன்னலைத் திறந்தும் பார்த்தேன், ஊதுபத்தி கொளுத்தியும் பார்த்தேன், போகவில்லை. வார்னிசும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்து வேகும் அந்த மணத்தை உமக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. போட்டி மண்டபத்தில் எல்லோரும் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்து மூக்கைச் சுளிக்க, நீர் மட்டும் குனிந்து மேசைகளைப் பார்ப்பீர். "ஆரோ ஒராளின்ரை மோட்டர் வேகுது காணும். வாரும், ஆரெண்டு பாப்பம்" என்று என் கையைப் பிடித்து இழுப்பீர். அந்தக் குரலில் அனுதாபம் கொஞ்சமும் இருக்காது.

இன்று உம்முடைய ஆட்டைத் திவசம், நீர் போய் ஒரு வருடம். சீலை உடுத்தி, பூவும் வாங்கி வைத்துவிட்டு, வல்வெட்டித்துறைக்குப் போக வாகனம் வரும்வரைக்கும் இதை எழுதுகிறேன். யாருடைய வாகனம் என்று இப்போதே சொன்னால் இதை வாசிக்காமல் எழும்பிப் போய்விடுவீர். பிறகு சொல்கிறேன்.

போன கிழமை சாவகச்சேரியில் ரோபோப் போட்டி நடந்தது. நீர் கண்மூடிய பிறகு நான் போன முதற்போட்டி. நாம் இருவரும் சேர்ந்து பள்ளிக்கூட ஆய்வுகூடத்து மூலையில் தொடங்கிய அணியில் இப்போது இருக்கிற பெண்பிள்ளைகளுக்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அடுத்த வருடம் உயர்தரச் சோதனை. பிறகு ரோபோவைத் தொட எந்தத் தாய் தகப்பன் விடப்போகிறார்கள்? வென்றால் கொழும்பு. தோற்றால் அந்தப் பிள்ளைகளின் ரோபோக் கதை அன்றோடு சரி.

உம்முடைய செத்தவீட்டில் உம்முடைய மச்சாள் என்னிடம் மெல்லக் கேட்டா, "நீங்கள் ரண்டு பேரும் உந்தப் போட்டியளுக்குப் போய் அப்பிடி என்னத்தைத்தான் பாக்கிறனீங்கள்?" என்று. அந்த நேரத்திலும் எனக்கு விளக்கம் சொல்லவேண்டி வந்தது. களத்தில் ஒரு பக்கம் இரண்டு ரோபோ, மறுபக்கம் இரண்டு. பந்து பொறுக்கிக் கூடையில் போடவேண்டும். தாழ்ந்த கூடைக்குக் குறைந்த புள்ளி, உயர்ந்த கூடைக்குக் கூடிய புள்ளி. பகல் முழுக்கச் சீட்டு விழுந்தபடி யாரோடும் சேர்ந்து ஆடலாம். கடைசியில் முன்னுக்கு நிற்கிற இரண்டு அணிகளும் மேடையில் ஏறி, எல்லோருக்கும் முன்னால் தமக்கொரு கூட்டாளியைத் தெரிந்தெடுக்கவேண்டும். முதலாவது அணி விரும்பினால் இரண்டாவதையே எடுக்கலாம், அப்போது மூன்றாவது அதன் இடத்துக்கு வரும். இறுதியாட்டம் அந்தக் கூட்டாளியோடுதான். பிழையான ஆளை எடுத்தால் முடிந்தது கதை. ஆகவே மற்ற அணிகளில் எது நம்பக்கூடியது என்று பகல் முழுக்க உளவு பார்ப்பதுதான் எங்கள் வேலை என்றேன். "அப்ப மாப்பிள்ளை பாக்கிற மாதிரி" என்றா அவ. நீர் இருந்திருந்தால், மாப்பிள்ளையில் பிழை விட்டாலும் சமாளிக்கலாம் என்று சொல்லியிருப்பீர்.

மற்றப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் உளவு பார்க்கத்தான் செய்தார்கள். அவர்கள் பார்த்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு ரோபோ உயரக் கூடையில் ஒரு பந்தைப் போட்டால் போதும், எழும்பி நின்று கைதட்டி, அதன் பெயருக்கு நேரே நட்சத்திரம் போட்டுவிடுவார்கள். அது அடுத்த ஆட்டத்தில் நடுக்களத்தில் மூச்சில்லாமல் நிற்பதைப் பார்க்க அவர்கள் இருக்கமாட்டார்கள். சிற்றுண்டிச் சாலையில் றோல்ஸ் தின்றுகொண்டிருப்பார்கள். நீர் ஆட்டத்தைப் பாதிதான் பார்ப்பீர். ஆட்டம் முடிந்ததும் அந்த அணியின் மேசைக்குப் பக்கத்தில் போய், ஒன்றும் தெரியாத பெரிய மனுசி மாதிரி நிற்பீர். பற்றரியை மாற்றுகிறார்களா, வயரை இழுத்துப் பார்க்கிறார்களா, தோற்றால் ஒருவரையொருவர் குற்றஞ்சொல்கிறார்களா, அல்லது எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கிறார்களா என்று பார்ப்பீர். திரும்பி வந்து என்னிடம் ஒரேயொரு கேள்விக்குத்தான் பதில் சொல்வீர். வருமா, வராதா.

உம்முடைய அப்பாவிடம் வள்ளம் இருந்த காலத்தில் பழகிய கேள்வி அது. "கடலுக்குக் கொண்டுபோற எஞ்சின் எல்லாம் எஞ்சின் இல்லை காணும். திருப்பிக் கரைக்குக் கொண்டுவாறதுதான் எஞ்சின்" என்று சொல்வீர். மனிதரையும் அப்படித்தான் அளந்தீர். உம்முடைய அளவில் தேறினவர்கள் மிகக் குறைவு.

கோட்டுக்காரரை மறந்திருக்கமாட்டீர். சித்திரை வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிகிற, நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்து ரோபோப் பொறுப்பாசிரியர். அவருடைய 'இந்திரன்' நீல வெளிச்சமும் நீண்ட கையுமாக வந்து இறங்கிய வருடம், எங்கள் பள்ளிக்கூட அதிபர் நேராக வந்து, "இந்திரனைத்தான் எடுக்கவேணும், நான் அவையளுக்குச் சொல்லிப்போட்டன்" என்றா. நீர் "வராது மிஸ்" என்றீர். அவ கேட்கவில்லை. இறுதியாட்டத்துக்கு முன்னர் பிரதம விருந்தினர் இந்திரனைக் கௌரவிக்கப்போகிறார் என்று அறிவித்தார்கள். ரோபோவுக்குப் பொன்னாடை! மோட்டரும் சில்லும் பூட்டிய தகரத்துக்குப் பொன்னாடை போர்த்துகிற புத்தி இந்த மண்ணைவிட வேறு எங்கே முளைக்கும்? போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், உருவி எடுத்தார்கள். சரிகை நூல் சில்லின் அச்சில் சுற்றிக்கொண்டதை ஒருவரும் பார்க்கவில்லை. ஆட்டம் தொடங்கி இந்திரன் நின்ற இடத்திலேயே நின்று முனகியது. தோற்றோம். பிள்ளைகள் அழுதார்கள். கோட்டுக்காரர் ஒலிவாங்கியில், தொழில்நுட்பக் கோளாறு என்றார். நீர் அச்சிலிருந்து அந்த நூலை உருவி, மடித்து, அவருடைய கோட்டுப் பையில் வைத்துவிட்டு, "கோளாறைக் கவனமாய் வைச்சிருங்கோ சேர்" என்றீர். அந்த முகத்தைப் பார்க்கத் தோற்றது பரவாயில்லை என்றுகூட எனக்குப் பட்டது.

ஆனால் கோட்டுக்காரரைவிட எமக்குப் பிடிக்காத மனிதர் ஒருவர் இருந்தாரே, மைக் மாஸ்ரர். தென்மராட்சியிலே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். ஒலிவாங்கி கண்ட இடத்தில் உடம்பு நில்லாது. போட்டிக்கு வர்ணனை செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் அவர்தான் செய்தார். "இதோ, சீறிவரும் சிங்கமென, பாய்ந்துவரும் பரியென" என்று அவர் முழங்கிய நேரத்தில் களத்தில் ஒரு ரோபோ சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அவருடைய அணியின் ரோபோவுக்குப் பெயர் வெற்றிவேந்தன். பார்த்தால் பழைய தகரத்தில் செய்த அடுப்பு. உயரக் கூடையைத் தொடவே தொடாது. நிலத்தில் கிடக்கிற பந்தைத் தள்ளிக்கொண்டு போய்த் தாழ்ந்த கூடையில் விடும், திரும்பும், மற்றதைத் தள்ளும். பார்க்கக் கொட்டாவி வரும்.

ஒரு வருடம் அந்த அடுப்புக்கு நீர் "வரும்" என்று சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை. "ஆளைப் பிடிக்கேல்லை எண்டதுக்காக அவன்ரை ரோபோவின்ரை புள்ளியைக் குறைக்கக்கூடாது காணும். உவன் மைக்கோடை நிக்கிறதாலை பிள்ளையள் கரைச்சல் இல்லாமல் வேலை செய்யுதுகள்" என்றீர். அதைச் சொல்லிவிட்டு, அவருடைய குரல் திரும்பக் கேட்டதும் இரண்டு காதிலும் பஞ்சு வைத்தீர்.

பிறகு உமக்குப் புற்று வருத்தம் வந்தது. மருந்து ஏற்றத் தொடங்கியதும் முதலில் போனது தலைமயிர் அல்ல, மூக்கு. ஒன்றும் மணக்கவில்லை என்றீர். போட்டிக்கு நான் மட்டும் போன நாளில் தொலைபேசியில் அழைத்து, "இப்ப என்ன மணக்குது?" என்று கேட்பீர். நான் சுற்றிவந்து சொல்வேன்: ஈயம் உருக்கிற மணம், வியர்வை, சாம்பிராணி, யாரோ கொண்டுவந்த மீன் கட்லற். "மோட்டர்?" என்பீர். இல்லை என்றால் ஏமாற்றமாக இருக்கும் உமக்கு.

அந்த மாதங்களில் வருகிறோம் என்று சொன்னவர்களின் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதிபர் கட்டாயம் வருகிறேன் என்றா. கோட்டுக்காரர், கிளினிக்குக்குப் போக வாகனம் வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று என் முன்னாலேயே சொன்னார். நீர் ஒரு வார்த்தை சொன்னீர். அன்றைக்கு அவருக்கு ஒரு செயலமர்வு. அடுத்தமுறை தொலைபேசியே எடுக்கவில்லை. எல்லாரும் ஒருநாள் நீல வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்கள்.

வந்தது மைக் மாஸ்ரர். யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது. தன் பழைய காரில் சாவகச்சேரியிலிருந்து வல்வெட்டித்துறைக்கு வந்து, உம்மை ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோய், மருந்து ஏறி முடியும்வரை வாசலில் இருந்து, திருப்பிக் கொண்டுவந்து விட்டார். அதற்கு அடுத்த கிளினிக்குக்கும் வந்தார். அதற்கு அடுத்ததற்கும் வந்தார். நீர் என்னிடம் தொலைபேசியில் திட்டித் தீர்த்தீர். "போகேக்கை கம்பராமாயணம், வரேக்கை திருக்குறள். காது ரண்டும் புண்ணாப் போச்சு. எனக்கு வருத்தம் இது, உவனுக்கு வருத்தம் வாய்." நான் வேறு வாகனம் பிடித்துத் தரவா என்று கேட்டேன். "வேண்டாம். உவன் வாறன் எண்டா வருவான்" என்றீர். உம்முடைய வாயிலிருந்து ஒரு மனிதருக்கு அதைவிடப் பெரிய புள்ளி விழுந்து நான் கேட்டதில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடித்தார்கள். அதை நீர் பார்க்காதது நல்லது. கோட்டுக்காரர் பளபளக்கும் தாளில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். அன்பே உருவானவராம். அதிர்ந்து பேசாதவராம். மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து நீர் போடுகிற சத்தத்துக்கு மறுமூலையில் நடுவர் விசிலை விழுங்குவாரே, அந்த உம்மைத்தான்! யாரையும் கடிந்துகொள்ளாத மென்மலராம். ஆளை எரித்து முடிந்த பிறகும் விடுகிறார்கள் இல்லை. தங்களுக்குத் தோதான ஒரு பொம்மையைச் செய்து அதற்கும் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். அந்த மலரை எங்கே வைத்தேன் என்று தெரியாது, தேடவும் இல்லை.

சரி, போன கிழமைக்கு வருகிறேன்.

புத்தி மாறியிருக்கும் என்று நினைத்தீரா? இந்த முறை இந்திரனைக் கொண்டு குத்துவிளக்கு ஏற்றினார்கள். நீண்ட கையில் மெழுகுதிரியைக் கொடுத்து, திரிக்குத் திரி போகவிட்டு, எல்லாரும் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதோடு விட்டார்களா? பிரதம விருந்தினர் மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்தார். அவர் மனம் நோகக்கூடாதென்று எரிந்துகொண்டிருந்த விளக்கை நூர்த்துவிட்டு, இன்னுமொருமுறை இந்திரனைக் கொண்டு ஏற்றுவித்தார்கள். இரண்டாம் முறை கை விளக்கில் தட்டுப்பட்டு எண்ணெய் வழிந்தது. நான் உம்முடைய இடத்தில் போய், ஒன்றும் தெரியாத பெரிய மனுசி மாதிரி நின்றேன். முன்சில்லின் றப்பர் எண்ணெயில் மினுங்கியது. துடைக்க ஒரு கை வரவில்லை. அணி முழுக்க விருந்தினரோடு படத்துக்கு வரிசையில் நின்றது. வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. உம்மை மாதிரியே எனக்கும் ஒரு குரூரமான சந்தோசம். எந்த அறிவிலியின் மோட்டர் இது என்று மேசை மேசையாகப் போனேன். வெற்றிவேந்தனின் மேசையில் பிள்ளைகள் ரோபோவைக் குப்புறக் கவிழ்த்து, ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லேஞ்சித் துணியால் சில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மணம் இல்லை. அதற்கடுத்த மேசையில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மணம் கூடிக் கூடி வந்து, எங்கள் மேசையில் போய் முடிந்தது. வெந்துகொண்டிருந்தது எங்கள் ரோபோ, 'நண்டு'. அதுவும் காலையில்தான் பழையதைக் கழற்றிப் பூட்டிய மோட்டர். மாற்ற வேறு இல்லை.

முதலிடத்தில் நின்றது நாங்கள், இரண்டாவதாக இந்திரன். தெரிவுக்கு மேடைக்கு வரச்சொல்லி அறிவிக்க, அதிபர் ஓடி வந்தா. "ரீச்சர், இந்திரன் எங்களோடை சேர ஓமாம். சேரே வந்து சொல்லிட்டார்." நான் வெற்றிவேந்தன் என்றேன். "விசர்க்கதை கதையாதேங்கோ. தோத்தா நீங்கள்தான் பதில் சொல்லவேணும்." ஓம் என்றேன். போன தடவை தோற்றதற்கு இவ யாருக்குப் பதில் சொன்னா என்று நாக்கு நுனிவரை வந்தது.

அணித் தலைவி தர்ஷிகாவின் கண் கலங்கிவிட்டது. "உந்தத் தகரத்தையோ ரீச்சர்? எல்லாரும் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். எங்கடை நண்டை மணந்து பாரும்."

அவள் குனிந்து மணந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"இது பாதியிலை நிண்டா மிச்சத்தை ஆர் செய்து முடிக்கிறது? இந்திரனோ?" என்றேன்.

அவள் மேடையில் இருந்த இந்திரனின் அணியைப் பார்த்தாள். இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையேறி, ஒலிவாங்கியில் "வெற்றிவேந்தன்" என்றாள். மண்டபம் சிரித்தது. வர்ணனையில் நின்ற மைக் மாஸ்ரர் மட்டும், என் அறிவுக்கு எட்டியவரையில் முதல் தடவையாக, வாயடைத்து நின்றார்.

இறுதியாட்டத்தில் நண்டு பாதிவரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு கீற்றுப் புகை, அவ்வளவுதான். தர்ஷிகா கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் இந்திரன் உயரக் கூடையில் அழகாக இரண்டு பந்தைப் போட, மண்டபம் எழும்பி நின்றது. கோட்டுக்காரர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். பிறகு இந்திரன் திரும்பவேண்டி வந்தது. எண்ணெய்ச் சில்லு நின்ற இடத்திலேயே சுழன்றது. இன்னும் வேகமாகச் சுழற்றினார்கள், இன்னும் வழுக்கியது. கடைசியில் தன் கூட்டாளி ரோபோவுக்குக் குறுக்கே போய் விழுந்து, அதையும் மூலையில் அடைத்துவிட்டது. வெற்றிவேந்தன் ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு பந்தைத் தள்ளிக்கொண்டு போய் விட்டது, திரும்பியது, அடுத்ததைத் தள்ளியது. கொட்டாவி வருகிற மாதிரித்தான் கடைசிவரை ஆடியது. மணி அடித்தபோது எங்கள் பக்கம் புள்ளி கொஞ்சம் கூட இருந்தது. பிள்ளைகள் கத்திய கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, உம்மைக் காணவில்லை என்று. அதிபர் ஓடிவந்து, தான் அப்போதே சொன்னதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தா.

பிறகு பேச்சு. கோட்டுக்காரர், தோற்றாலும் மேடையை விடாமல், மறைந்த எங்கள் அன்புச் சகோதரி என்று தொடங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணில் ஈரமில்லை, நான் முன்வரிசையில் இருந்தேன். அவருக்குப் பிறகு ஒலிவாங்கி மைக் மாஸ்ரரிடம் போனது. சரி, சிங்கமும் பரியும் வரப்போகிறது என்று நான் பஞ்சு தேடினேன்.

"ரீச்சர் அன்பானவ எண்டு இப்ப சொல்லிச்சினம்" என்றார். "என்னட்டை ஒரு நாளும் அன்பாக் கதைச்சதில்லை. என்னை ஒரு சதத்துக்கும் மதிச்சதில்லை. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கையும் வாயை மூடும், வாயை மூடும் எண்டுதான் வருவா. கடைசிமுறை அவ அதைச் சொல்லேல்லை. சொல்லுவா சொல்லுவா எண்டு வல்வெட்டித்துறை போய்ச்சேருமட்டும் கதைச்சுக்கொண்டே போனன். சொல்லேல்லை."

உம்மைப் பற்றி இந்த ஒரு வருடத்தில் ஒருவர் சொன்ன முதல் உண்மை அது. அதைச் சொன்னது உவர். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அவரை நான் மன்னித்திருப்பேன். நிறுத்துவாரா? உடனே, நிலையாமை என்று பிடித்து, கூட்டம் கலைந்து, கதிரை அடுக்குகிற சத்தத்துக்கும் மேலாக முழங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது என்னிடம் சொன்னார், "ரீச்சர், திவசத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் இராது. நான் வாறன்."

நான் அவரை அளக்கவில்லை. நீர் அளந்து வைத்த புள்ளி கிடக்கிறது. இப்போது யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்த ஒரு கேள்விதான் முன்னுக்கு வருகிறது. கெட்டிக்காரரா, நல்லவரா, பிடிக்குமா என்றெல்லாம் பிறகுதான். எரிந்த மோட்டரைக் கைப்பையில் வைத்துவிட்டேன். உம்முடைய படத்துக்கு முன்னால் வைக்கப்போகிறேன். ஐயர் முறைத்துப் பார்ப்பார், பார்க்கட்டும். உமக்கு மல்லிகைப்பூவைவிட இது பிடிக்கும், அங்கேயாவது மூக்குத் திரும்ப வந்திருந்தால்.

படலையடியில் ஹோர்ன் கேட்கிறது. சொன்ன நேரத்துக்கும் முதலே வந்துவிட்டார். கார் நிற்க முதலே கதை தொடங்கிவிட்டது; கண்ணாடிக்குள்ளால் பக்கத்து வீட்டு நாயோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். வல்வெட்டித்துறை வரைக்கும் இதைத்தான் கேட்டுக்கொண்டு வரவேண்டும்.

எங்காவது பாதி வழியில், உமக்காக நான் சொல்லிவிடுகிறேன்: "வாயை மூடும்."